புசல்லாவை வளைவும் ஒரு ஜெர்மன் கூபேயின் பின் அச்சும்

கடந்த மாசி மாதத்தில் இரண்டு நாள் கண்டிப் பக்கம் போய் வந்தேன். குளத்தைச் சுற்றி நடக்கவோ பேராதனைப் பூங்காவில் படம் எடுக்கவோ போகவில்லை. அக்குறணையில் ஒரு கராஜின் பின்வளவில் கிடந்த பழைய ஜெர்மன் கூபே ஒன்றைப் பார்க்கப் போனேன். பின்பக்கம் எஞ்சின் வைத்த கார்களைப் பற்றி இந்தத் தளத்தில் சென்ற வருடம் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நவ்ஷாத் என்ற மெக்கானிக் எனக்கு எழுதினார். வளவைக் காலி செய்யப் போவதாகவும், அப்படியான கார் ஒன்றின் கூடு தன்னிடம் இருப்பதாகவும், இரும்புக்குப் போடுமுன் விரும்பினால் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லி ஒரு படமும் அனுப்பியிருந்தார்.

படத்தில் நம்பர் தகட்டின் பாதிதான் தெரிந்தது. பழைய தகடுகளில் நடுவில் இருக்கும் ஸ்ரீ எழுத்துக்குப் பிறகு வந்த இரண்டு இலக்கங்களே எனக்குப் போதுமாக இருந்தன. அந்தக் காரில்தான் என் அக்கா வத்சலா இறந்தார்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் கண்டியில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர். அக்காவுக்கு இருபத்தைந்து வயது, புசல்லாவையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வராமல் காரில் வந்தார். கம்பளைக்கு இறங்கும் வீதியில், ஒரு வளைவில், நாலு மணித் தூறலில் கார் பின்பக்கமாகச் சுழன்று உருண்டது. அக்கா வெளியே எறியப்பட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். கூட இருந்தவருக்குக் கை முறிந்தது. அவர் மனோகரன், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்குப் பொறுப்பானவர், அப்போது முப்பது வயது இருக்கும். இருவரும் கலியாணம் செய்ய இருந்தார்கள் என்பதே எங்களுக்குப் பொலிஸ் நிலையத்தில்தான் தெரிந்தது.

அப்பா அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "அந்தத் தோட்டத்தான்" என்பார்; மலையகத் தோட்டத் தமிழரை எங்கள் பக்கத்தில் தாழ்த்திச் சொல்லும் சொல் அது. செத்தவீட்டுக்கு அவர் கையில் கட்டோடு வந்தபோது கேற்றைச் சாத்திக் கொண்டி போட்டது நான். எனக்குப் பதினேழு வயது. கேற்றுக்கு மேலால் அவருடைய முகம் தெரிந்தது, அவ்வளவு உயரம். மழை வரும்வரை அங்கேயே நின்றார். பிறகு வழக்கு நடந்தது. கவனயீனமாக ஓட்டிய குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் மறியலில், சிறையில், இருந்தார். வேலையும் போனது. அப்பா ஒரு தவணை விடாமல் போய் முன்வாங்கில் இருந்தார்.

நான் பிறகு இயந்திரவியல் படித்தேன். அப்பா இறந்தபின் அவருடைய அலுமாரியில் அந்த வழக்கின் பிரதி கிடைத்தது. அதில் மனோகரனின் வாக்குமூலம் நாலு வரிதான்: வளைவு இறுக்கமாக வந்தது, காலை எடுத்தேன், பின்பக்கம் சுழன்றது, பிறகு தெரியாது. அந்த நாலு வரியைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது குடித்தவனோ வேகக்காரனோ ஓட்டி விழுந்த விழுகை அல்ல. அந்த மாதிரிப் பின் அச்சுள்ள கார் விழும் விழுகை. அதை ஒருநாள் அவரைத் தேடிப் போய்ச் சொல்லவேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர் பாரம் இறங்கும் என்று நம்பினேன். எனது பாரமும்தான்; அதையும் மறைக்கத் தேவையில்லை.

முதல்நாள். கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து காலை 5.40க்குக் குளிரூட்டிய கண்டி பஸ். நான் கொடுத்தது 780 ரூபா. 115 கிலோமீற்றர், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறி பழுதாகி நின்றதால் கண்டியில் இறங்கும்போது 9.25. நுவரெலியா, புசல்லாவைப் பக்கம் போகும் பஸ்கள் குட்ஷெட் பகுதியில் நிற்கும். அங்கே கட்டுமான வேலை நடப்பதால் நிறுத்தும் இடம் மாறிக்கொண்டேயிருக்கிறது. பெயர்ப்பலகையை நம்பாமல் கேட்டு ஏறுங்கள். புசல்லாவைக்குச் சாதாரண பஸ்ஸில் 170 ரூபா, சுமார் நாற்பது கிலோமீற்றர். கம்பளை வரை தட்டை, பிறகு ஏற்றம். 11.30க்கு இறங்கினேன்.

வளைவு நகரத்துக்குக் கீழே, கம்பளைப் பக்கம். ஆட்டோவில் 300 ரூபா. சாரதிக்கு நான் இடத்தின் பெயர் சொல்லவேண்டியிருக்கவில்லை. "பழைய கார் உருண்ட வளைவு" என்று தொடங்கியதுமே தலையாட்டினார்.

"இப்பவும் விழுதுங்க சேர்," என்றார். "மழ நாள்ல பைக், வேன் எல்லாம். மேலேருந்து வர்றப்ப சாதாரண வளைவு மாதிரி தெரியும். பாதிக்கு வந்த பெறகுதான் இன்னும் மடங்குதுன்னு தெரியும்."

அவர் சொன்னது மிகச் சரி. நான் காலால் அளந்து பார்த்தேன். முதல் முப்பது அடி அகலமாகத் திரும்பி, அதற்குப் பிறகு வீதி மேலும் உள்ளே மடங்குகிறது. ஓட்டுபவர் பாதி வளைவில் திடுக்கிட்டுத்தான் ஆகவேண்டும். திடுக்கிட்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பது. இப்போது அங்கே இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் தேயிலை. பக்கத்து மலையில் நாலைந்து பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற அரை மணி நேரத்தில் அவர்களில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

இந்த இடத்தில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பனிப் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அந்தக் காலத்தில் இப்படி அச்சு வைத்த கார்கள் வேறு நாடுகளிலும் நிறைய இருந்தன. நான் யார்மீதும் வழக்குப் போட வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எந்தக் கார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் மலிவான சிறிய கார் ஒன்று லட்சக்கணக்கில் வெளிவந்தது. நம் ஊரில் ஆமைக் கார் என்போமே, அதுதான். ஒஸ்னாப்ரூக் நகரில் கார்களுக்கு உடல் கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அந்த ஆமையின் அடித்தளத்தையும் எஞ்சினையும் அப்படியே எடுத்து, மேலே ஒரு அழகான உடலைப் பொருத்த அவர்கள் விரும்பினார்கள். உடல் இத்தாலியில் வரையப்பட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கார் வெளிவந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை செய்தார்கள். பார்த்தால் பந்தயக் கார் போலிருக்கும். தாழ்ந்த கூரை, வழுக்கிக்கொண்டு போகும் முதுகு. ஓட்டிப் பார்த்தால் ஆமைதான். லொறியை முந்தவே யோசிக்கவேண்டும்.

உடல் வேலை மட்டும் உண்மையிலேயே பெரிய வேலை. மூக்கிலும் மட்காட்டிலும் தகடுகளைத் திருகாணியால் முடுக்கிச் சேர்க்கவில்லை. உருக்கி ஒட்டி, பொருத்துகளை ஈயக் கலவையால் நிரப்பி, கையால் அரத்தால் ராவி வழவழப்பாக்கினார்கள். அதனால் எங்கேயும் தையல் தெரியாது. அதனாலேயே மூக்கில் ஒருமுறை அடிபட்டால் கழற்றி மாற்ற முடியாது; வெட்டித்தான் எடுக்கவேண்டும். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். நாலு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். ரேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை. ஒரு விசிறி காற்றை அடித்துக் குளிர்விக்கும். மலைநாட்டு ஏற்றத்தில் மற்றக் கார்கள் கொதித்து நிற்க இது போய்க்கொண்டிருக்கும். தோட்டத்துத் துரைமார் ஆமையை விரும்பியதற்கு அது ஒரு காரணம். மனோகரனின் கூபேயும் ஒரு துரை நாட்டைவிட்டுப் போகும்போது எஞ்சின் இறுகிய நிலையில் விட்டுப்போனதுதான். உதிரிப்பாகம் எல்லாம் ஆமையுடையதே பொருந்தும் என்பதால் அவர் இரண்டு வருடம் மினக்கெட்டு அதை ஓடவைத்தாராம்.

இனிப் பின் அச்சு. முந்திய மாடல்களில் பின்சில்லு, அதாவது பின்சக்கரம், ஒவ்வொன்றும் ஒரு அரை அச்சின் நுனியில் இருக்கும். அந்த அரை அச்சுக்கு ஒரே ஒரு மூட்டு, கியர்ப் பெட்டிக்கு அருகில். ஆகவே காரின் பின்பக்கம் மேலே எழும்பினால் சில்லும் சேர்ந்து உள்ளே சாயும். நேர் வீதியில் இது ஒன்றும் செய்யாது. வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னே போகிறது, பின்பக்கம் எழும்புகிறது, வெளிப்பக்கச் சில்லு உள்ளே மடங்கி ரயரின் ஓரத்தில் நிற்கிறது. பிடிமானம் போய்விடும். கனமான எஞ்சின் பின்னால் இருப்பதால் வால் வீசிக்கொண்டு வரும். மற்றக் கார்களில் உயிரைக் காப்பாற்றும் பழக்கம் இந்தக் காரில் உயிரை எடுத்துவிடும். பிந்திய மாடல்களில் இரண்டு மூட்டு வைத்து இதைத் திருத்தினார்கள். மனோகரனுடையது முந்தியது.

அன்று பின்னேரம் கண்டிக்குத் திரும்பி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு விடுதியில் தங்கினேன். அறை 4,500 ரூபா. சுடுதண்ணீர் வரவில்லை.

இரண்டாம் நாள். மாத்தளை பஸ்ஸில் அக்குறணைக்கு 60 ரூபா, பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எப்போதும் நெரிசல். ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போகவேண்டாம். ஜும்மா நேரம் கடைகளும் கராஜ்களும் பூட்டியிருக்கும். நான் போனது வியாழன்.

நவ்ஷாத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கராஜ் அவருடைய தகப்பன் தொடங்கியது. இறந்தவரின் தம்பி நான் என்று எழுதும்போது சொல்லவில்லை. நேரில் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"தெரிஞ்சீந்தா படம் அனுப்பீக்க மாட்டேன் தம்பி," என்றார். "எங்கட வாப்பா அத கோர்ட் முடிஞ்ச பொறகு பொலிஸ் முத்தத்துல ஈந்து எடுத்து வந்த. எஞ்சின மட்டும் கழட்டி வித்த. மத்தது அப்பிடியே ஈக்கிது."

பின்வளவில் பலா மரத்தடியில் இருந்தது. கூரை வலப்பக்கம் அமுங்கி, கண்ணாடி இல்லாமல், கதவின் கீழ்ப்பகுதி முழுக்கத் துரு தின்று. எஞ்சின் இருந்த இடத்தில் இலைச் சருகு. மூக்கு மட்டும் ஒரு நெளிவும் இல்லாமல் அழகாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது.

வந்த காரியத்தை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று பின்னாசனத்தைத் தூக்கி நடு மேட்டில் அடித்திருக்கும் சேசி நம்பரைப் பார்த்தேன். வழக்குப் பிரதியில் இருந்த அதே நம்பர். சில்லைப் பார்த்தேன், ஒற்றை மூட்டு அச்சுத்தான். படம் எடுத்தேன். அத்தோடு வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் சாரதி இருக்கையில் ஒரு தரம் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

இருக்க முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நான் ஐந்தடி ஏழங்குலம். மனோகரன் என்னைவிட அரை அடியாவது உயரம். இருக்கை முன்பக்கக் கடைசிப் பல்லில், ஸ்டியரிங்கோடு ஒட்டினால்போல் நின்றது. பக்கத்து இருக்கை எவ்வளவு பின்னுக்குப் போகுமோ அவ்வளவு பின்னுக்குப் போயிருந்தது.

"இத யாராவது தள்ளினதா?" என்று கேட்டேன்.

"யாரு தள்ளுற. துருப் புடிச்சி இறுகீட்டு."

எண்ணெய் விட்டு, கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பத்து நிமிட அடியில் இருக்கை ஒரு அங்குலம் பின்னுக்கு நகர்ந்தது. நகர்ந்த இடத்தில், தண்டவாளத்தில், ஒரு அங்குல நீளத்துக்குப் பழைய பச்சைப் பூச்சு துரு இல்லாமல் தெரிந்தது. மற்ற இடம் எல்லாம் செதில் செதிலாகத் துரு. கார் உருண்ட நாளிலிருந்து அந்த இருக்கை அந்தப் பல்லைவிட்டு அசையவில்லை.

அக்கா ஐந்தடிக்கும் குறைவு.

நவ்ஷாத் இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மனோகரன் ஐயா வருசத்துக்கு ஒருக்கா வார," என்றார். "தொடமாட்டார். அந்தா அந்த மரத்துக்குப் பக்கத்தில நின்டு பாத்திட்டு போற. வளவு காலி செய்யப் போறன் என்டு சொன்னன். ஒடைங்க என்டார்." பிறகு வத்தேகமவில் அவருடைய வீட்டுக்கு வழி சொன்னார்.

அக்குறணையிலிருந்து வத்தேகமவுக்கு நேர் பஸ் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி மடவளை வழியாக ஆட்டோவில் போனேன். 1,800 ரூபா, ஐம்பது நிமிடம். வழியெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அவர் ஓட்டவில்லை. ஓட்டிய அக்காமீதும் பிழை இல்லை, அச்சுத்தான் பிழை. என் கையில் இரண்டு பேருக்கும் விடுதலைப் பத்திரம் இருப்பதாக நினைத்தேன்.

சந்தைக்குப் பின்னால், தண்ணீர்ப் பம்ப் திருத்தும் சிறிய பட்டறை. மேலே வீடு. அறுபத்திரண்டு வயது, தலை முழுக்க நரைத்து, அதே உயரம். என் பெயரைச் சொன்னேன்.

"வத்சலாவோட தம்பியா," என்றார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "வாங்க, உள்ள வாங்க." மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். அவர் பெயர் சரோஜா. கதிரையைத் துடைத்துத் தந்தவர் உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றுகொண்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "காரைப் பார்த்துவிட்டு வாறன். சீற் முன்னுக்குக் கிடக்குது. அக்காதானே ஓட்டினவ?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த பம்ப் மூடியை மேசையில் வைத்தார். "ஆமா," என்றார்.

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்கள்?"

"ஆஸ்பத்திரியில ஒங்க அப்பா வந்து கேட்டாரு, நீதானே ஓட்டினாய்னு. அவங்களுக்கு லைசன் இல்ல. பழகிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். இல்லன்னு சொன்னா செத்துப்போன பிள்ள மேல பழி போடுற மாதிரி இருந்திச்சு. ஆமான்னுட்டேன். ரெண்டு நாள்ல ஒருத்தராவது திரும்ப வந்து மெதுவா கேப்பாங்கன்னு நெனச்சேன். செத்தவீட்டுக்குக்கூட அதுக்குத்தான் வந்தேன். யாரும் கேக்கல. பெறகு பொலிஸ், கோர்ட். ஒரு தரம் சொன்னத மாத்துனா பொய்க்காரன்னுவாங்க. எப்படியும் எங்கள நம்பமாட்டீங்க."

"எங்கள" என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்க சின்னப் பையன்," என்றார். அங்கே எழுந்து வந்திருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கும்பிட்டு, வந்திருக்கலாம். ஆனால் நான் இன்னும் என் பரிசைக் கொடுக்கவில்லையே. மேசையில் கிடந்த பில் துண்டை எடுத்துத் திருப்பி, பின் அச்சை வரைந்தேன். ஒற்றை மூட்டு, சாயும் சில்லு, பின்னால் எஞ்சின். அவர் இயந்திரங்களோடு வாழ்ந்தவர், சட்டென்று விளங்கிக்கொண்டார். முன்னுக்குக் குனிந்து பார்த்தார்.

"ஆக, இது உங்கட பிழையும் இல்லை, அக்காவின்ர பிழையும் இல்லை," என்றேன். "வளைவுக்குள்ள காலை எடுத்ததுதான் காரணம். யாராயிருந்தாலும் எடுத்திருப்பினம்."

"கால எடுத்தாத்தான் இப்படி ஆகுமா?"

"ஓம். சட்டென்று எடுத்தால்."

"எடுக்காம, அப்படியே மிதிச்சபடி போனா?"

நான் முதல்நாள்தான் அந்த வளைவை அளந்திருந்தேன். வழக்குப் பிரதியில் பொலிஸ் குறித்த வேகத்தை வைத்துக் கணக்கும் போட்டிருந்தேன். பெருமையோடு சொன்னேன்: "அந்த வேகத்துக்கு அந்த வளைவில இடம் காணும். கொஞ்சம் வெளியால போயிருக்கும். ஆனால் உருளாமல் வளைவைத் தாண்டியிருக்கும்."

அவர் பில் துண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சந்தைப் பக்கம் ஒரு பஸ் விட்டு விட்டு ஹோன் அடித்துக்கொண்டிருந்தது.

"அவங்க எடுக்கல, தம்பி. பயப்படவே இல்ல. அப்படியே புடிச்சிக்கிட்டுத்தான் போனாங்க. நான்தான் பயந்துபோய்க் கத்தினேன். கால எடு, கால எடுன்னு. ரெண்டாவது தரம் சொன்னப்பதான் எடுத்தாங்க."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"நான் என்ன நெனச்சிக்கிட்டு இருந்தேன்னா," என்றார், "மொத தரம் சொன்னப்பவே எடுத்திருந்தா தப்பியிருப்பாங்கன்னு. இத்தன வருசமா அவங்க மேல ஒரு சின்னக் கோவம்கூட இருந்திச்சு. ஏன் ஒடனே கேக்கலன்னு."

நான் அவசரமாகப் பின்வாங்கினேன். வீதி ஈரம், ரயர் எவ்வளவு தேய்ந்திருந்தது என்று தெரியாது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று தெரியாது, நான் சொல்வது ஊகம்தான், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஐந்து நிமிடம் முன்னே சொல்லியிருக்கவேண்டிய உண்மை.

"மாத்தாதீங்க தம்பி," என்றார். "மொதல்ல சொன்னதுதான் நீங்க நம்புறது."

தேத்தண்ணி வரவில்லை. சரோஜா கதவடியிலிருந்து வந்து, என் முன்னால் இருந்த பேனையை எடுத்து என்னிடமே நீட்டினார். "ஜெயில்ல இருந்து வந்த மனுசன நான் கட்டிக்கிட்டேன்," என்றார். குரல் உயரவில்லை. "அவரு செய்யாத தப்புக்குப் போனாருன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். இந்த வீட்டுல அந்த ஒரு நிம்மதி இருந்திச்சு. அதயும் எடுத்துட்டீங்க. நீங்க போங்க."

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மனோகரன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அரை அச்சை மேலும் கீழும் வரைந்துகொண்டிருந்தார்.

வத்தேகமவிலிருந்து கண்டிக்கு 70 ரூபா, 3.10 பஸ். கண்டியிலிருந்து கொழும்புக்கு 5.15. வெள்ளவத்தை வீட்டில் அம்மா காத்திருந்தார். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. எல்லாவற்றையும் சொன்னேன். அக்காதான் ஓட்டினார், அவர் அக்காவுக்காக மறியலுக்குப் போனார் என்று சொன்னேன். அம்மா நீண்டநேரம் சேலைத் தலைப்பை மடித்து மடித்து நீவினார்.

"அதை அவர் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே," என்றார் கடைசியில்.

முப்பத்திரண்டு வருடத்தில் அம்மா அவரை "அவர்" என்று சொன்னது அதுதான் முதல்தடவை. ஆனாலும் அம்மாவின் கணக்கில் பிழை அவரிடம்தான் இருந்தது. பிறகு, "லைசன் இல்லாமல் ஓடினவ எண்டு ஊருக்குத் தெரியவேண்டாம். எழுதிப்போடாதை," என்றார்.

இப்படியான கார் பார்க்கவோ வாங்கவோ மலைநாட்டுப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சேசி நம்பர் பின்னாசனத்துக்குக் கீழே நடு மேட்டில் இருக்கும். வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் பேச்சைத் தொடங்கவேண்டாம். மூக்கை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே பூச்சுத்தான், தகடு இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகட்டில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். ஒற்றை மூட்டு அச்சு என்றால், இறக்கத்தில் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே நுழைந்த பிறகு காலை அசைக்கவேண்டாம். பின் ரயர்களின் காற்று, முன் ரயர்களைவிடக் கூட இருக்கவேண்டும். மலையில் மழை பின்னேரம்தான் பெய்யும். புசல்லாவை வீதியை நண்பகலுக்கு முன் ஓடி முடியுங்கள்.

இன்னொன்று கார் பற்றியதல்ல. ஒருவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர், முதலில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்கவேண்டும். நான் முப்பத்திரண்டு வருடம் கழித்துப் போயும் அவரிடம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டேன். மிச்ச நேரமெல்லாம் விளக்கம் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கார் உடைபட்டுவிட்டது. பங்குனி முதல் கிழமை நவ்ஷாத் தொலைபேசியில் சொன்னார். மூக்கை மட்டும் ஒருவர் வெட்டி எடுத்துப் போனாராம்.

அம்மா எழுதவேண்டாம் என்றார். ஆனால் அந்த வழக்குப் பிரதியில் இருக்கும் பொய் அப்படியே இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. மனோகரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சரோஜாதான் எடுத்தார்; பேசாமல் அவரிடம் கொடுத்தார். ஓட்டியது அவர் இல்லை என்பதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றியிருக்கிறேன்.

"எழுதுங்க," என்றார். "ஆனா பாதிய எழுதாதீங்க. கால எடுக்கச் சொன்னது யாருன்னும் எழுதணும்."

எழுதிவிட்டேன்.